இரவு வகுப்பை மூடிய டீன்: சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சட்டப் போராட்டம் என்றதும் நம் தோழர்கள் உடனே சொல்லும் பெயர் தர்குட் மார்ஷல். பள்ளிகளில் கறுப்புக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954 மே 17 அன்று வந்த பிரவுன் தீர்ப்பு, அந்த வழக்கை நடத்திய மார்ஷல், 1967இல் அதே உச்ச நீதிமன்றத்தில் முதல் கறுப்பின நீதிபதியாக அவர் அமர்ந்தது, இவ்வளவும் நமக்குத் தெரியும். மார்ஷலுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவரைத்தான் நமக்கு அதிகம் தெரியாது. மார்ஷல் பிற்காலத்தில் மேடைக்கு மேடை சொல்லிவந்தது இதைத்தான்: தொடங்கியது நாங்கள் அல்ல, சார்லி ஹூஸ்டன்.

அந்தச் சார்லி ஹூஸ்டன் பிரவுன் தீர்ப்பைப் பார்க்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். ஒரு சட்டக் கல்லூரிக்குத் தலைவராக அவர் இருந்தது ஏறத்தாழ ஆறே ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளில் அவர் செய்த ஒரு காரியம் அன்றைக்கே சொந்த மக்களிடம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சட்டம் படிக்கும், படிக்க விரும்பும் நம் பிள்ளைகள் அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஹூஸ்டன் 1895 செப்டம்பர் 3 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே, 1896 மே மாதத்தில், பிளெஸ்ஸி வழக்கின் தீர்ப்பு வந்தது. ரயிலில் கறுப்பர்களுக்குத் தனிப் பெட்டி ஒதுக்கும் லூசியானா மாநிலச் சட்டத்தை எதிர்த்த வழக்கு அது. பிரித்து வைப்பதில் தவறில்லை, வசதி சமமாக இருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். பிரிவினை மட்டும் ஊர் ஊராகப் பரவியது. சமம் என்ற பாதி எங்கும் வந்து சேரவில்லை. ஊருக்கும் சேரிக்கும் தனித்தனிக் கிணறு இருந்த கதையை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அவருடைய தந்தைவழித் தாத்தா அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர். தந்தை வில்லியம், பகலில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே, மாலையில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சட்ட வகுப்புக்குப் போய்ப் படித்து வழக்குரைஞர் ஆனவர். தாய் மேரி, தலைமுடி அலங்காரம் செய்யும் வேலை பார்த்தார். வாஷிங்டன் பெரிய வீட்டு வெள்ளைப் பெண்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். ஒரே பிள்ளை. கறுப்பினத்துக்குள் அது வசதியான குடும்பம்தான், மறைக்க வேண்டியதில்லை. தந்தை மாலை வகுப்பில் படித்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் அவருடைய வகுப்பில் அவர் ஒருவர்தான் கறுப்பர். 1915இல் சிறப்பு மாணவர்களில் ஒருவராகப் பட்டம் பெற்று, ஹோவர்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போனார். இலக்கிய ஆசிரியராகவே வாழ்க்கையை முடித்திருக்கக்கூடும். முதல் உலகப் போர் வந்தது.

கறுப்பர்கள் சிப்பாய்களாகச் சாகலாம், அதிகாரிகளாகக் கட்டளையிடக் கூடாது என்பதுதான் அன்றைய ராணுவத்தின் எண்ணம். மாணவர்களும் ஆசிரியர்களும் இயக்கம் நடத்தியதால் 1917இல் அயோவா மாநிலத்தில் கறுப்பர்களுக்கென்று ஓர் அதிகாரிப் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதுவும் தனி முகாம்தான். ஹூஸ்டன் அதில் பயிற்சி பெற்று லெப்டினன்ட் ஆனார். முகாம் ஒன்றில், கறுப்புச் சிப்பாய்கள் மீதான குற்றச்சாட்டில் அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. விசாரித்துப் பார்த்து, இதில் தண்டிக்க ஒன்றுமில்லை என்றார். மேலதிகாரிகள் அவரைக் கண்டித்தார்கள். பிரான்சுக்குப் போன பிறகு, வான் என்ற ஊரில் ஓர் இரவு, வெள்ளைச் சிப்பாய்க் கும்பல் ஒன்று அவரையும் உடனிருந்த கறுப்பு அதிகாரியையும் சூழ்ந்துகொண்டது. எதிரி ஜெர்மானியன் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், தம் ராணுவத்துக்காரர்களாலேயே கொல்லப்படும் நிலைக்கு வந்தார்கள். ராணுவப் போலீஸ் வந்ததால் உயிர் பிழைத்தார்கள்.

உரிமை என்னவென்று தெரியாமல் இனி ஒருமுறை மாட்டிக்கொள்ளக் கூடாது, உயிரோடு திரும்பினால் சட்டம் படிக்க வேண்டும், திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காக அதைப் பயன்படுத்த வேண்டும் என்று அன்று முடிவெடுத்ததாகப் பல ஆண்டுகள் கழித்து அவரே எழுதினார். 1919இல் ஊர் திரும்பினார். அந்தக் கோடையில் அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஜூலை மாதம் வாஷிங்டனிலும் நடந்தது. சில வாரங்களில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார்.

ஹார்வர்டு கதையை நீட்டிச் சொல்பவர்கள் நிறையப் பேர். ஹார்வர்டு லா ரிவ்யூ இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பர், 1923இல் அங்கே சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் என்று பட்டியல் போடலாம். பிறகு உதவித்தொகையில் ஸ்பெயின் போய் மாட்ரிட்டில் படித்தார். 'முதல்' என்ற சொல்லில் நமக்குப் பெரிய மயக்கம் இல்லை. ஒருவர் உள்ளே போனார் என்றால் கதவு திறந்தது என்று பொருளாகாது. ஹூஸ்டனும் அப்படி மயங்கியதாகத் தெரியவில்லை. 1924இல் ஊர் திரும்பித் தந்தையோடு வழக்காடத் தொடங்கினார். மாலையில் ஹோவர்டில் சட்டம் கற்பித்தார்.

அடுத்து அவர் செய்த வேலைதான் நமக்கு முக்கியம். 1927, 1928 ஆண்டுகளில், ஓர் அறக்கட்டளையின் நிதியில், நாட்டில் கறுப்பின வழக்குரைஞர்களின் நிலை என்ன என்று ஆய்வு நடத்தினார். களப்பணி செய்யும் நமக்கு இது பழக்கமான முறை. முதலில் கணக்கெடு, பிறகு பேசு. அடிமைமுறை வேரோடிய தென் மாநிலங்களில்தான் கறுப்பர்கள் அதிகம், கும்பல் கொலைகள் அதிகம், நிலத்தகராறு அதிகம். கறுப்பு வழக்குரைஞர்கள் அங்கேதான் மிகக் குறைவு. இருந்தவர்களிலும் பலர் நீதிமன்ற வாசலுக்கே போகாமல், பத்திரம் எழுதியும் வேறு தொழில் செய்தும் பிழைத்தார்கள். வெள்ளை ஜூரிக்கு முன்னால் நின்று வாதாடும் துணிச்சலும் பயிற்சியும் உள்ளவர்கள் மிகச் சிலர். அரசமைப்பின் 14ஆம் திருத்தம் எல்லோருக்கும் சமப் பாதுகாப்பு என்று 1868இலேயே சொல்லிவிட்டது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் நீதிமன்றத்துக்குப் போக ஆள் இல்லை.

அந்த ஆட்களை எங்கே உருவாக்குவது? தென் மாநிலப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. வடக்கில் ஒன்றிரண்டு பேர் நுழையலாம். மிஞ்சியது வாஷிங்டனில் இருந்த ஹோவர்டு. அடிமைமுறை ஒழிந்த நான்கே ஆண்டுகளில், 1869இல் தொடங்கப்பட்ட சட்டக் கல்லூரி அது. பகலெல்லாம் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து படித்தார்கள். நாட்டின் முதல் கறுப்பினப் பெண் வழக்குரைஞர் சார்லட் ரே 1872இல் இங்கேதான் பட்டம் பெற்றார். கட்டடம் சிறியது. ஆசிரியர்களும் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்களே. பெரிய சட்டக் கல்லூரிகளின் சங்கத்தில் அதற்கு இடமில்லை, அங்கீகாரமும் இல்லை. ஆனால் நாட்டில் இருந்த கறுப்பு வழக்குரைஞர்களில் பெரும்பாலோரை உருவாக்கியது இந்த மாலை வகுப்புதான்.

1926இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு முதல் கறுப்பினத் தலைவராக மார்டிகை ஜான்சன் வந்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி பிராண்டைஸ் தன்னிடம் ஒரு விஷயம் சொன்னதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தன் மேசைக்கு வரும் மனுவைப் படித்தாலே அது கறுப்பு வழக்குரைஞர் எழுதியதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது, உங்கள் ஆட்களுக்கு நல்ல சட்டக் கல்லூரி வேண்டும், முழுநேர ஆசிரியர்கள் வேண்டும் என்றாராம். இதைப் படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. 'தகுதி' என்ற சொல்லால் எத்தனை முறை அடிபட்டிருக்கிறோம். ஆனால் பிராண்டைஸ் பகைவர் இல்லை. அவர் சொன்னதில், வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டதன் தழும்பு இருக்கும் என்ற உண்மையும் இருக்கிறது. ஜான்சன் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். 1929இல் ஹூஸ்டனைச் சட்டக் கல்லூரியின் பொறுப்பில் அமர்த்தினார். பதவிப் பெயர் துணை டீன். நடைமுறையில் அவர்தான் டீன். வயது 33.

பொறுப்பேற்றவர் செய்த முதல் பெரிய காரியம், 1930இல் மாலை வகுப்பை மூடியது.

இனி பகல் வகுப்பு மட்டும். சேர்க்கை விதிகள் இறுகின. பகுதிநேர ஆசிரியர்களின் இடத்தில் முழுநேர ஆசிரியர்கள். நூலகம் விரிந்தது. 1931இல் அமெரிக்க வழக்குரைஞர் சங்கத்தின் அங்கீகாரம் வந்தது. அதே ஆண்டில் சட்டக் கல்லூரிகளின் சங்கத்திலும் ஹோவர்டு உறுப்பினராகியது. ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஹோவர்டுக்கு அங்கீகாரம் கொடுத்த அந்த வழக்குரைஞர் சங்கம், கறுப்பு வழக்குரைஞர்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளாத சங்கம். நிறம் பார்க்க மாட்டோம் என்று அது தீர்மானம் போட்டது 1943இல்தான். உன் கல்லூரியின் தரத்தை நான் அளப்பேன், என் அறையில் நீ உட்கார முடியாது. கறுப்பு வழக்குரைஞர்கள் 1925இலேயே தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாணவர் எண்ணிக்கை சரிந்தது. பழைய மாணவர்கள் கொதித்தார்கள். ஹோவர்டைக் கறுப்பு ஹார்வர்டு ஆக்கப் பார்க்கிறார் என்றார்கள். பகலில் தபால் நிலையத்திலும் அலுவலகத்திலும் உழைப்பவன் இனி எங்கே போவான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவருடைய தந்தையே அந்த மாலை வகுப்பின் பிள்ளை அல்லவா? 1930க்கு முன்னால் இந்த விதி இருந்திருந்தால் வில்லியம் ஹூஸ்டன் எழுத்தராகவே ஓய்வு பெற்றிருப்பார்.

ஹூஸ்டனின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை வழக்குரைஞரின் வாதத்தில் ஓட்டை இருந்தால் நீதிபதி தானே அதை அடைத்துக்கொடுப்பார். கறுப்பு வழக்குரைஞர் ஒரு காற்புள்ளியைத் தவறவிட்டால் வழக்கே போய்விடும். தோற்ற வழக்கு வெறுமனே தோற்பதும் இல்லை, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு நமக்கு எதிரான முன்னுதாரணமாக நின்றுவிடும். பிளெஸ்ஸி அப்படி நின்றதுதானே? ஆகவே பாதிப் பயிற்சியோடு நூறு பேர் போவதைவிட முழுப் பயிற்சியோடு பத்துப் பேர் போவது மேல் என்று அவர் கணக்குப் போட்டார்.

இந்தக் கணக்கைப் பற்றி எங்களுக்குள் பேசும்போதெல்லாம் கருத்து பிளவுபடுகிறது. பத்துப் பேர் என்ன செய்தார்கள் என்பது வரலாற்றில் இருக்கிறது. கதவடைக்கப்பட்டவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்பது எந்த வரலாற்றிலும் இல்லை. அவர்களில் இன்னொரு சார்லட் ரே இருந்தாரா என்று யாரும் தேடவும் முடியாது. பகலில் கடையில் நின்று இரவில் புத்தகத்தைத் திறக்கும் மாணவர்களோடு வேலை செய்கிற நாங்கள், அவருடைய முடிவை முழு மனதோடு ஏற்க முடியாமல்தான் இருக்கிறோம். மாலை வகுப்பையும் வைத்துக்கொண்டு அதையே உயர்த்தியிருக்க முடியாதா? அன்றைய அங்கீகார விதிகளும் கல்லூரியின் நிதியும் இடம்கொடுத்திருக்காது என்று பதில் வருகிறது. அந்த விதிகளை எழுதியவர்கள் யார் என்று திருப்பிக் கேட்கவும் தோன்றுகிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கதவைச் சுருக்கியவர், உள்ளே வந்தவர்களுக்கு எதைக் கொடுத்தார்? 1930இல் சேர்ந்தவர்களில் ஒருவர் பால்டிமோரைச் சேர்ந்த தர்குட் மார்ஷல். சொந்த ஊரில் இருந்த மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி கறுப்பர்களைச் சேர்க்காது. தினமும் விடியற்காலை எழுந்து ரயிலேறி வாஷிங்டன் வந்து திரும்புவார். கட்டணத்துக்காக அவருடைய அம்மா திருமண மோதிரத்தை அடகு வைத்தார். முதல் நாள் ஹூஸ்டன் வகுப்பில் சொன்னது மார்ஷலுக்குக் கடைசிவரை மறக்கவில்லை: உன் வலப்பக்கம் இருப்பவனைப் பார், இடப்பக்கம் இருப்பவனைப் பார், அடுத்த ஆண்டு இவர்களில் சிலர் இருக்க மாட்டார்கள். அப்படியே நடந்தது. சேர்ந்தவர்களில் ஒரு சிறு பகுதிதான் 1933இல் பட்டம் பெற்றது. மார்ஷல் முதலிடம், ஆலிவர் ஹில் இரண்டாமிடம். மாணவர்கள் டீனுக்கு வைத்த பட்டப்பெயர் 'இரும்புச் செருப்பு'.

வகுப்பறையோடு அவர் நிறுத்தவில்லை. மாணவர்களைக் காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் கூட்டிப்போனார். பிணையெடுப்பது எப்படி, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி என்று நேரில் காட்டினார். நடந்துகொண்டிருக்கும் உண்மையான வழக்குகளுக்கு மாணவர்களைத் தரவு தேட வைத்தார். வழக்குரைஞன் ஒன்று சமூகத்தைச் சீரமைக்கும் பொறியாளனாக இருப்பான், இல்லையென்றால் சமூகத்தின் மீது வாழும் ஒட்டுண்ணியாக இருப்பான், நடுவில் எதுவும் இல்லை என்பது அவர் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது. 1933இல் வர்ஜீனியாவில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் கிராஃபோர்டு என்ற கறுப்பருக்காக, முழுக்கக் கறுப்பு வழக்குரைஞர்களைக் கொண்ட குழுவோடு அவர் நின்றார். தென் மாநில நீதிமன்றம் அதுவரை அதிகம் பார்த்திராத காட்சி. விடுதலை கிடைக்கவில்லை. தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஜூரியில் ஒரு கறுப்பர்கூட இல்லை.

அந்த நாட்களில் தென் மாநிலங்களில் காரில் சுற்றினார். கறுப்பர் தங்க விடுதி கிடைக்காது, பல இடங்களில் சாப்பிட இடம் கிடைக்காது. கையில் 16 எம்.எம். படக்கருவி. தென் கரோலினாவின் கிராமப் பள்ளிகளைப் படம்பிடித்தார். வெள்ளைக் குழந்தைகளுக்குச் செங்கல் கட்டடம், பேருந்து. கறுப்புக் குழந்தைகளுக்கு ஒற்றை மரக் கொட்டகை. 'சமம்' என்று சொன்னவர்களின் முன்னால் அந்தச் சமத்தைப் படமாகப் போட்டுக் காட்டினார். வன்கொடுமை நடந்த ஊருக்குக் கைப்பேசியோடு போகும் நம் உண்மை அறியும் குழுக்களுக்கு அவர் மூத்தவர்.

1935இல் மேரிலாந்து. டொனால்டு மர்ரி என்ற கறுப்பு இளைஞருக்குச் சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டது. மார்ஷலுக்குக் கதவு திறக்காத அதே கல்லூரி. மார்ஷலும் அவருடைய டீனும் சேர்ந்து வழக்கு நடத்தினார்கள். மாநிலத்துக்குள் கறுப்பர்களுக்கு வேறு சட்டக் கல்லூரியே கிடையாது, பிறகு சமம் எங்கே என்பதுதான் வாதம். ஜூன் மாதம் பால்டிமோர் நீதிமன்றம் மர்ரியைச் சேர்க்க உத்தரவிட்டது. 1936 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மர்ரி படித்து 1938இல் பட்டம் பெற்றார். பிரவுன் தீர்ப்புக்கு 16 ஆண்டுகளுக்கு முன்பு.

அதே 1935இல் ஹூஸ்டன் கல்லூரியிலிருந்து விலகி, என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் சட்டப் பொறுப்பை ஏற்று நியூயார்க் போனார். இங்கே ஓர் இடைக்குறிப்பு. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் அண்ணல் அம்பேத்கர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார். அக்டோபரில் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். இருவரும் சந்தித்துக்கொண்டதில்லை. ஒரே காலத்தில் இரண்டு கண்டங்களில், தொடக்கூடாதவர்கள் என்று தள்ளப்பட்ட மக்களிலிருந்து வந்தவர்கள் சட்டக் கல்லூரியின் தலைமை நாற்காலியில் இருந்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறோம், அவ்வளவுதான்.

ஏன் சட்டக் கல்லூரிகளிலிருந்து தொடங்கினார், ஏன் நேரடியாகப் பள்ளிகளைத் தொடவில்லை என்று கேட்கலாம். பிரிவினையே தவறு என்று நேராக மோதலாம் என்ற யோசனை முன்பே இருந்தது. 1930களின் நீதிபதிகளிடம் அது எடுபடாது என்று ஹூஸ்டன் கருதினார். சட்டக் கல்லூரி என்றால் என்னவென்று எல்லா நீதிபதிக்கும் தெரியும். அவர்கள் படித்த இடம் அது. ஒரு கொட்டகையைக் காட்டி, இதுவும் சட்டக் கல்லூரிதான் என்று அவர்களை ஏமாற்ற முடியாது. எண்ணிக்கையும் சிறியது. ஒரு கறுப்பு இளைஞன் சட்டம் படிக்க வந்தால், பள்ளியில் குழந்தைகள் கலப்பதைக் கண்டு எழும் வெறி அந்த அளவு எழாது. பிளெஸ்ஸியை எதிர்க்காமலேயே, நீ சொன்ன சமத்தைக் கொடு என்று கேட்பது. கொடுத்தால் மாநிலத்துக்குச் செலவு தாங்காது. கொடுக்காவிட்டால் கதவைத் திறக்க வேண்டும். அதோடு, ஊர் மக்கள் பின்னால் நிற்காத வழக்கு வென்றாலும் நிலைக்காது என்பதிலும் அவர் தெளிவாக இருந்தார். வழக்குப் போடும் முன் தேவாலயங்களிலும் கூட்டங்களிலும் போய் விளக்கிப் பேசினார்.

1938 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தில் முதல் பெரிய வெற்றி. மிசூரி மாநிலம், லாய்டு கெய்ன்ஸ் என்ற மாணவரைச் சட்டக் கல்லூரியில் சேர்க்காமல், வெளி மாநிலத்தில் போய்ப் படி, கட்டணம் தருகிறோம் என்றது. சொந்த மாநிலம் தன் எல்லைக்குள் தர வேண்டிய உரிமையை வெளியூருக்குத் தள்ளிவிட முடியாது என்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், இருவர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் ஒருவரான மெக்ரெனால்ட்ஸ், ஹூஸ்டன் வாதாடியபோது நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தார் என்று சொல்லப்படுகிறது. அந்த வாதத்துக்கு முன்னதாக ஹூஸ்டன் ஹோவர்டு மாணவர்களின் முன்னால் ஒத்திகை பார்த்தார். மாணவர்கள் நீதிபதிகளைப் போலக் குறுக்கே கேள்வி கேட்டார்கள். பிரவுன் வழக்கு வரை ஒவ்வொரு பெரிய வாதத்துக்கும் முன்னால் இந்த ஒத்திகை ஹோவர்டில் நடந்தது.

கெய்ன்ஸ் அந்தக் கல்லூரியில் படிக்கவேயில்லை. 1939 மார்ச்சில் ஒரு நாள் சிகாகோவில் தங்கியிருந்த இடத்திலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வழக்கின் பெயராக மட்டும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறார். வழக்குக்குத் தன் பெயரைக் கொடுக்கும் பிள்ளையை யார் காப்பது என்ற கேள்வியை நம் வழக்குகளிலும் நாம் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

1938இலேயே ஹூஸ்டன் பொறுப்பை மார்ஷலிடம் விட்டுவிட்டு வாஷிங்டன் திரும்பினார். அடுத்து அவர் எடுத்த ரயில்வே வழக்குகள் நம் தொழிற்சங்கத் தோழர்கள் படிக்க வேண்டியவை. நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடும் கடினமான வேலை தெற்கில் கறுப்பர்களுடையதாக இருந்தது. டீசல் எஞ்சின் வந்து வேலை இலகுவாகத் தொடங்கியதும் வெள்ளைத் தொழிலாளர்கள் அதைக் கேட்டார்கள். சங்கம் வெள்ளையர் மட்டும் சேரக்கூடிய சங்கம். ஆனால் சட்டப்படி எல்லாத் தொழிலாளர்களுக்கும் அதுதான் பிரதிநிதி. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டே கறுப்பர்களை வேலையிலிருந்து தள்ளும் ஒப்பந்தத்தை நிர்வாகத்தோடு போட்டது. அலபாமாவைச் சேர்ந்த பெஸ்டர் ஸ்டீல் என்ற தொழிலாளிக்காக ஹூஸ்டன் வாதாடினார். 1944 டிசம்பரில், எல்லோருக்கும் பிரதிநிதி என்று அதிகாரம் பெற்ற சங்கம் எல்லோரையும் நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லவில்லை. பம்பாய் ஆலைகளில், நூலை எச்சிலால் நனைக்க வேண்டும் என்பதற்காக நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்களை விடாமல் வைத்திருந்ததையும், அதைப் பற்றிப் பேச மறுத்த தொழிற்சங்கத் தலைவர்களை அம்பேத்கர் கேள்வி கேட்டதையும் அறிந்தவர்களுக்கு இந்த வழக்கின் சுவை தெரியும்.

1940களின் கடைசியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வாஷிங்டனில் பிரவுன் ஜூனியர் பள்ளி என்று ஒரு கறுப்பர் பள்ளி (பிரவுன் வழக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை). கொள்ளளவைவிட மிக அதிகமான பிள்ளைகள், அதனால் ஷிப்டு முறை. 1947 டிசம்பரில் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராட்டத்தில் இறங்கினார்கள். தலைமை தாங்கியவர் கார்ட்னர் பிஷப், முடிதிருத்தும் தொழிலாளி. உழைக்கும் ஏழைக் கறுப்பர்களின் போராட்டம் அது. ஹூஸ்டனைப் போன்ற படித்த, வெளிர் நிறத்து, பெரிய வீட்டுக் கறுப்பர்கள் மீது பிஷப்புக்கு நம்பிக்கையே கிடையாது. அவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஹூஸ்டனைத் தேடிப் போனார். பெற்றோர்களுக்காகக் கட்டணமில்லாமல் வாதாட ஹூஸ்டன் ஒப்புக்கொண்டார். மாலை வகுப்பை மூடியவரும், வாழ்நாளில் எந்த வகுப்பிலும் இடம் கிடைக்காத மக்களின் தலைவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மனு எழுதினார்கள்.

ஹூஸ்டனுக்கு இதய நோய் முற்றியிருந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது பிஷப்பை அழைத்து, இனி ஜேம்ஸ் நாப்ரிட்டிடம் போங்கள் என்றார். நாப்ரிட் ஹோவர்டு சட்ட ஆசிரியர். 1950 ஏப்ரல் 22 அன்று ஹூஸ்டன் இறந்தார். வயது 54. மகனுக்கு ஆறு வயது.

பிஷப் போய்க் கேட்டபோது நாப்ரிட் ஒரு நிபந்தனை வைத்தார். பள்ளிகளைச் சமமாக்கு என்று இனி கேட்க மாட்டேன், பிரிவினையே கூடாது என்று கேட்பதாக இருந்தால் வருகிறேன் என்றார். பெற்றோர்கள் சரி என்றார்கள். ஹூஸ்டன் இருபது ஆண்டுகள் கட்டிய 'சமத்தைக் கொடு' என்ற படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டு, அதை அவருடைய கல்லூரியின் ஆசிரியரே தள்ளிவிட்டார். போலிங் என்று பெயர்பெற்ற அந்த வழக்கிலும் 1954 மே 17 அன்று, பிரவுன் வழக்கோடு சேர்ந்தே தீர்ப்பு வந்தது. வாஷிங்டன் பள்ளிகளிலும் பிரிவினை செல்லாது என்றது நீதிமன்றம்.